நான் இங்கிலீஷில் எழுதிய பதினோராவது வரி

நான் ஏழாவது ஃபெயில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொன்னதாக இருக்கக் கூடாது. அந்த ஏழாவது ஃபெயில் எழுதிய இங்கிலீஷைப் படித்துத்தான் பி.இ. முடித்த பிள்ளைகள் வால்வு திறந்தார்கள், மூடினார்கள். மணலிப் பக்கம் நான் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனியில் எந்தக் கண்ட்ரோல் ரூமுக்குள் போனாலும் சுவரில் ஒரு தடித்த ஃபைல் தொங்கும். எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று அதில் இங்கிலீஷில் இருக்கும். புரொசீஜர் என்போம். மொத்தம் அறுபத்து மூன்று. பாதிக்கு மேல் இந்தத் தாமோதரன் எழுதியவை. திருவொற்றியூரில் என் தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு? எங்கள் ஓய்வு பெற்ற தொழிலாளர் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டு செயலாளர் வந்தார்.

"தாமு, நீ எப்டி இங்கிலீஷ் கத்துக்கினேன்னு எழுது. இப்ப வர்ற பசங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு வார்த்தை தட்டினா அதுவே புரொசீஜர் எழுதிக் குடுத்துடுதாம். அந்தக் காலத்துல எவ்ளோ பேஜாருன்னு தெரியட்டும்" என்றார்.

அப்படி மெஷின் எழுதிய ஒன்றை, கம்பெனியில் இப்போது ஷிப்டு பார்க்கும் ஒரு பையன் என் போனுக்கு அனுப்பியும் வைத்தான். படித்தேன். ஒரு தப்பு கிடைக்காதா என்று மூன்று தரம் படித்தேன். கிடைக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். என் மனைவி, "இன்னா, வூட்டுக்குள்ள ரவுண்ட்ஸ் போறியா? ஷிப்டு முடிஞ்சி அஞ்சு வருசம் ஆவுது" என்றாள். அப்போதுதான் இந்தக் கட்டுரையில் எதை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இங்கிலீஷ் கற்ற கதையை எழுதுகிறேன். ஆனால் அதோடு நிற்கப் போவதில்லை.

பத்தொன்பது வயதில் காண்ட்ராக்ட் ஹெல்ப்பராக உள்ளே போனேன். மூட்டை தூக்கினேன், டிரம் உருட்டினேன், டேங்க் கழுவினேன். எட்டு வருடத்தில் பர்மனென்ட். அதற்குப் பிறகு ஆப்பரேட்டர். என்னோடு சேர்ந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். எனக்கு மட்டும் சூப்பர்வைசர் நாற்காலி வேண்டும் என்று வெறி. அதற்கு இங்கிலீஷ் எழுதத் தெரிய வேண்டும். அங்கேதான் சேவியர் சார் வருகிறார்.

சேவியர் சார் எங்கள் ஷிப்டு இன்ஜினியர். ராயபுரத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. உட்கார்ந்தும் பார்த்ததில்லை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, சட்டைப் பையில் கட்டை விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில். புரொசீஜர்களை இன்ஜினியர்கள்தான் எழுத வேண்டும். அவர் ஆப்பரேட்டர்களை எழுத வைத்தார். "கை எவனுதோ அவன்தான் எழுதணும்" என்பார்.

எங்களுக்கெல்லாம் ஒரே வியாதி. தினமும் செய்கிற வேலையை நம் ஊரில் எப்படிச் சொல்கிறோம்? 'ஆறு மணிக்கு வருவான், லாக் புக்கைப் பார்ப்பான், வால்வைத் திறப்பான்.' வருவான், பார்ப்பான், திறப்பான். அதை அப்படியே இங்கிலீஷாக்கி, 'தி ஆப்பரேட்டர் வில் ஓப்பன் தி வால்வ்' என்று எழுதினேன். பக்கம் முழுக்க வில், வில், வில்.

சேவியர் சார் வாங்கிப் படித்தார். "இன்னாபா, வில் ஓப்பனா? எப்போ? பொங்கலுக்கா?"

"டெய்லி சார்."

"டெய்லி செய்றதுக்கு இன்னாத்துக்கு வில்லு? செய்றான். ஓப்பன்ஸ். அவ்ளோதான்."

மறுநாள் திருத்தி, 'இஸ் ஓப்பனிங்' என்று எழுதிக்கொண்டு போனேன். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். "இந்த நிமிசம் தொறந்துகினு கீறான்னா எனக்கு ஏன் எழுதிக் காட்ற? நானே எட்டிப் பாத்துக்க மாட்டனா? நீ கீற, நான் கீறேன், நாம ரெண்டு பேரும் இல்லாத அன்னிக்கும் அவன் இதத்தான் செய்றான். அந்த இங்கிலீஷ் குடு."

அதற்குப் பெயர் சிம்பிள் பிரசென்ட் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லிக் கொடுக்க நான் கண்டுபிடித்த வழியை இங்கே பதிவு செய்கிறேன். இது சேவியர் சாருடையது இல்லை, சொந்தச் சரக்கு. வீ, தே என்று கூட்டமாக வேலை செய்தால் வினைச்சொல் வெறுங்காலோடு போகும். வீ ஓப்பன், தே க்ளோஸ். ஹீ, ஷீ, இட், ஆப்பரேட்டர், பம்ப் என்று தனியாக ஒன்று வேலை செய்தால் காலில் ஷூ கட்டாயம். அந்த ஷூதான் எஸ். ஆப்பரேட்டர் ஓப்பன்ஸ். பம்ப் ரன்ஸ். சிலருக்குப் பெரிய சைஸ் வேண்டும். வாட்ச் என்பது வாட்ச்சஸ், கோ என்பது கோஸ். செய்வதில்லை என்று சொல்லவும், செய்கிறாரா என்று கேட்கவும் டஸ் முன்னால் வந்து அந்த ஷூவைத் தானே போட்டுக்கொள்ளும். அப்போது ஓப்பன் மறுபடி வெறுங்கால். ஓர் ஆளுக்கு ஒரு ஜோடிதான் கம்பெனியில் கொடுப்பார்கள். இதைக் கேட்டுத் தெளிந்த இன்ஜினியர்கள் உண்டு.

ஐ, யூ இரண்டும் ஒற்றை ஆள்தானே, அவர்களுக்கு ஏன் ஷூ இல்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சேவியர் சார் சொன்னார்: "நான் கீறேன், நீ எதிர்ல நிக்கற. தப்பாச் சொன்னா நீயே வாயத் தொறந்து இல்லன்னுடுவ. இங்க இல்லாதவனப் பத்திப் பேசுறப்பதான் ஒரு எழுத்து ஜாஸ்தி போட்டு ஜாக்கிரதையாப் பேசணும்." இலக்கணம் அப்படித்தான் பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் போதுமாக இருந்தது.

எழுதி முடித்தால் அதோடு விடமாட்டார். பேப்பரை எடுத்துக்கொண்டு பிளான்டுக்கு நடப்பார். நாம் எழுதிய வரியை உரக்கப் படித்து, அதில் உள்ளதை மட்டும் செய்வார். ஒரு தரம் ஆசிட் பம்பு புரொசீஜரில், 'ஆப்பரேட்டர் ஸ்டார்ட்ஸ் தி பம்ப்' என்று எழுதியிருந்தேன். வெறுங்கையோடு ஸ்விட்சுக்குப் போனார்.

"சார், க்ளவுஸ்!"

"நீ போடச் சொல்லலியே."

"சார், டெலிவரி வால்வு மூடிக் கீது!"

"தொறக்கச் சொல்லலியே தம்பி. நான் உன் பேப்பர நம்பி வந்தவன். உன்ன எனக்குத் தெரியாது."

விரல் ஸ்விட்சுக்கு அரை அடி தூரத்தில் நிற்கும். நான் அங்கேயே தரையில் குந்தி, விட்ட வரிகளைச் சேர்த்து எழுதும் வரை அந்த விரல் இறங்காது. சரியாக வந்த பிறகு, 'இடத்தில் நின்று பார்த்தது' என்று கடைசியில் ஒரு வரி போட்டு, அவரும் நானும் கையெழுத்துப் போடுவோம். அவர் இருந்தவரை எழுதிய ஒவ்வொன்றும் இப்படித்தான் பிறந்தது.

அவர் ரிடையர் ஆகிப் போன பிறகு நான் சூப்பர்வைசர். புரொசீஜர் என்றால் தாமோதரன் என்று ஆகிவிட்டது. மேனேஜர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். அப்போது எனக்குத் தரை தெரியவில்லை.

வெளிநாட்டு கஸ்டமர் ஆடிட் வருகிறது, லாரி இறக்கும் புரொசீஜர் இல்லை, ஒரு வாரத்தில் வேண்டும் என்றார்கள். காஸ்டிக் கரைசல் டேங்கர் லாரியில் வரும். தோலில் பட்டால் பொசுக்கும், கண்ணில் பட்டால் சொல்ல வேண்டியதில்லை. லாரி வந்து நிற்கும் இறக்கு மேடையில், லாரிக்கும் எங்கள் பம்புக்கும் நடுவே தடித்த ரப்பர் ஹோஸ் மாட்டி இறக்குவோம். இறக்கி முடித்த பின் ஹோஸுக்குள் மிச்சம் நிற்கும். அதை வடித்துவிட, ஹோஸ் வந்து சேரும் பம்புக் குழாயின் அடியில் ஒரு சின்ன டிரெயின் வால்வு உண்டு. வடித்த பிறகுதான் ஹோஸைப் பிணைக்கும் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும்.

அந்த டிரெயின் வால்வு உப்புப் பூத்து இறுகி வருடக்கணக்கில் திரும்பவில்லை. வேலை நின்றதா? இல்லை. ஹெல்ப்பர் ஹோஸைத் தோளில் தூக்கி, லாரிப் பக்கத்திலிருந்து பம்புப் பக்கம் நடப்பான். மிச்சம் ஓடிப் போகும். பிறகு ஸ்பேனரால் கப்ளிங்கில் ஒரு தட்டு. உள்ளே கரைசல் நின்றால் தொப்பென்று கேட்கும், காலியென்றால் டங்கென்று கேட்கும். டங் கேட்டால் கழற்றலாம். இந்தத் தட்டிக் கேட்கும் வித்தையை அந்த மேடைக்குக் கொண்டுவந்தவனே நான்தான். ஹெல்ப்பராக இருந்தபோது என் காதுக்குப் பெரிய பெயர். ஆனால் சரியாகக் கேட்க, முகத்தை மூடும் கண்ணாடிக் கவசத்தைத் தூக்கிவிட்டுக் காதைக் கப்ளிங் பக்கம் கொண்டுபோக வேண்டும். எல்லோரும் தூக்கினோம்.

இதை எழுதினால் ஆடிட்டர் என்ன சொல்வார்? பதினோராவது வரியாக நான் எழுதினேன்: 'தி ஹெல்ப்பர் டிரெய்ன்ஸ் தி ஹோஸ்.' ஹெல்ப்பர் ஹோஸை வடிக்கிறார். எஸ் இருந்தது, எல்லாம் இருந்தது. வால்வை மாற்றச் சொல்லி மெயின்டனன்ஸுக்கு அன்றைக்கே சீட்டும் எழுதினேன். ஆடிட்டுக்குள் மாற்றிவிடுவார்கள், வரி உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். மேடைக்கு நடக்காமல், மேசையிலேயே 'இடத்தில் நின்று பார்த்தது' என்று கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டர் பாராட்டிவிட்டுப் போனார். வால்வை மாற்றவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. மூன்று வருடம் போனது.

ஏழுமலை சடையங்குப்பத்துக்காரன். காண்ட்ராக்ட் ஹெல்ப்பர், முப்பத்திரண்டு வயது, மழை வந்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு ஷிப்டுக்கு நேரத்துக்கு வருகிறவன். அன்று மேடையில் இரண்டாவது லாரி பின்னால் வந்து நின்று, டிரைவர் இன்ஜினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தான். ஏழுமலை ஹோஸைத் தூக்கி நடந்தான், தட்டினான். அந்தச் சத்தத்தில் டங்கும் தொப்பும் ஒன்றுதான். கவசத்தைத் தூக்கி இன்னும் கிட்டே குனிந்து கேட்டான். டங் மாதிரி இருந்திருக்கிறது. கழற்றினான்.

நான் ஓடிப் போனபோது கண் கழுவும் குழாயடியில் அவன் தலையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். "ண்ணா, எரியுது ண்ணா, எரியுது ண்ணா" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

மூன்றாவது வாரம் என்கொயரி வைத்தார்கள். தமிழ் தெரியாத ஒரு பெரிய அதிகாரி தலைமை ஆபீசிலிருந்து வந்தார். கேள்வி ஒன்றுதான். புரொசீஜரை மீறினானா? மீறினான் என்றால் கேட் பாஸ் ரத்து, அவன் வெளியே. ஒரு கண்ணோடு வெளியே போகிறவனை இந்தத் தொழிற்பேட்டையில் வேறெந்த கேட்டும் உள்ளே விடாது. இது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு ரொம்பத் தெரியும்.

அதிகாரி என் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "டஸ் தி ஹெல்ப்பர் டிரெய்ன் தி ஹோஸ்?" ஹெல்ப்பர் ஹோஸை வடிக்கிறாரா?

ஒரு விநாடிகூட நான் யோசிக்கவில்லை. "எஸ் சார். தி ஹெல்ப்பர் டிரெய்ன்ஸ் தி ஹோஸ். ஹீ டிரெய்ன்ஸ் இட் எவ்ரி டைம்." வடிக்கிறார் சார், ஒவ்வொரு முறையும் வடிக்கிறார்.

"யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்" என்றார் அதிகாரி. மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வெளியே வந்தேன். கதவை ஒட்டிய பெஞ்சில் ஏழுமலை, கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"ண்ணா, உன் குரல் கேட்டுச்சு. இங்கிலீஷ்ல தடதடன்னு வுட்ட. ஒண்ணும் பிரியல. இன்னா சொன்ன?"

"உனக்கு நல்லதாத்தாண்டா சொன்னேன்."

"அத்தான பாத்தேன். எங்க வூட்ல அழுதுகினு கீது. நம்ம தாமுண்ணா உள்ள கீறாரு, பயப்படாதன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அதற்கப்புறம் இரண்டு நாள் நான் எங்கேயும் உட்காரவில்லை. சாப்பிடும் தட்டோடு நடந்தேன். கண்ட்ரோல் ரூமில் நாற்காலியைப் பார்த்தாலே கோபம் வந்தது. மூன்றாம் நாள் காலை ஷிப்டில் மேடைக்குப் போனேன். டிரெயின் வால்வின் மேல் உப்பு வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. க்ளவுஸ் போட்டு இரண்டு கையாலும் திருப்பினேன். பெரிய ஸ்பேனர் கொடுத்துத் திருப்பினேன். அசையவில்லை. அங்கே இருந்த ஹெல்ப்பர்கள் சிரித்தார்கள். "இன்னா சூப்பர்வைசர், புதுசா கீது? அத்த யாரு தொறக்கறாங்க?" என்றான் ஒருவன். அவனுக்கு அது விளையாட்டுப் பேச்சு.

நேராக என்கொயரி அறைக்குப் போனேன். என்னைக் கூப்பிடவில்லை. கதவைத் தட்டி உள்ளே நின்றேன். மேனேஜர், "இன்னா தாமோதரன், உங்களுது முடிஞ்சிருச்சே" என்றார்.

"முடியல சார்."

அதிகாரியைப் பார்த்து இங்கிலீஷில் ஆரம்பித்தேன். எனக்கு அந்த ஒரு இங்கிலீஷ்தான் தெரியும். மற்ற காலமெல்லாம் எனக்கு வராது. "சார், தி ஹெல்ப்பர் டஸ் நாட் டிரெய்ன் தி ஹோஸ். நோபடி டிரெய்ன்ஸ் தி ஹோஸ். தி வால்வ் டஸ் நாட் ஓப்பன். ஹீ லிஃப்ட்ஸ் தி ஹோஸ். ஹீ வாக்ஸ். ஹீ ஹிட்ஸ் தி கப்ளிங். ஹீ லிஃப்ட்ஸ் தி ஷீல்ட். ஹீ லிஸன்ஸ். எவ்ரி டே, சார். எவ்ரி ஹெல்ப்பர்." யாரும் வடிப்பதில்லை, வால்வே திறப்பதில்லை, தூக்குகிறான், நடக்கிறான், தட்டுகிறான், கவசத்தைத் தூக்கிக் கேட்கிறான், தினமும், எல்லா ஹெல்ப்பரும்.

மேனேஜர் முகம் மாறியது. "தாமோதரன், அந்த பேப்பர்ல கையெழுத்து யாருது? தெரிஞ்சிதான் பேசறீங்களா?" என்று தமிழில் அடக்கிக் கேட்டார்.

"என்னுது சார். பாக்காம போட்டது. மேடைக்கு வாங்க, காட்றேன்."

அதிகாரிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்திருக்க வேண்டும். எழுந்து நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். மேடையில் ஃபைலை அவர் கையில் கொடுத்து, பதினோராவது வரியைப் படித்து, அதன்படி செய்யும்படி கேட்டுக்கொண்டேன். க்ளவுஸ் மாட்டி அவரே வால்வைப் பிடித்தார். ஒரு முறை. இரண்டு முறை. நெற்றி நரம்பு புடைத்தது. கையை எடுத்துவிட்டு, க்ளவுஸில் ஒட்டிய உப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கிருந்த ஹெல்ப்பர்களை ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார். நான் இங்கிலீஷ் ஆக்க வேண்டியிருந்தது. நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

ஏழுமலையின் கேட் பாஸ் ரத்தாகவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். புது வால்வு நான்கே நாளில் வந்தது. மூன்று வருடம் கிடைக்காத வால்வு. எனக்கு மெமோ. சூப்பர்வைசர் வேலை போய் மறுபடி ஆப்பரேட்டர். அதற்குப் பிறகு ஒரு வரி எழுத என்னை விடவில்லை. ரிடையர் ஆன பிறகும் நீடிப்பு தருவதாக இருந்தது, அதுவும் இல்லை. இதற்கெல்லாம் நான் அழவில்லை. செய்ததற்குச் சரி.

எனக்கு இருப்புக் கொள்ளாதது வேறொன்றால். என் ரிடையர்மென்ட் விழாவில் ஏழுமலை மேடை ஏறி எனக்கு மாலை போட்டு, மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "தாமுண்ணா எனக்காக ரெண்டு நாளு இங்கிலீஷ்ல சண்ட போட்டாரு. மொத நாளே நான் வெளிய குந்திகினு என் காதால கேட்டேன்." எல்லோரும் கைதட்டினார்கள். நான் மாலையோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இந்த ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் காலையில் நெட்டுக்குப்பத்தில் இறால் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறான். டீ குடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அதே கதையைச் சொல்கிறான். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஏழுமலை, இதை நீயே படிப்பாய். முதல் நாள் நான் உனக்காகப் பேசவில்லை. எல்லா ஹெல்ப்பரும் ஒவ்வொரு முறையும் ஹோஸை வடிக்கிறார்கள் என்று சொன்னேன். அதற்கு அர்த்தம், நீ ஒருவன்தான் வடிக்காமல் விட்டாய் என்பது. உன்னை வெளியே அனுப்ப அது போதும் என்று தெரிந்தேதான் சொன்னேன். பெஞ்சில் நீ கேட்டபோது உன் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன். அந்தப் பதினோராவது வரியை எழுதியவனும், தட்டிக் கேட்கும் பழக்கத்தை அந்த மேடைக்குக் கொண்டுவந்தவனும் நானே.

மலரைச் சனிக்கிழமை வீடு வீடாகக் கொடுக்கப் போவதாகச் செயலாளர் சொல்கிறார். மறுநாள் ஞாயிறு. பத்து மணி வரை வாசலில் நிற்கிறேன். நீ வரவில்லை என்றால் ஆட்டோ பிடித்து சடையங்குப்பத்துக்கு நான் வருகிறேன். உள்ளே கூப்பிட வேண்டாம். கதவைத் திறந்து பேச நினைப்பதைப் பேசு. நம்ம பாஷையிலேயே பேசு. கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.